முதல் நைட்ரோ பக்கி: எஞ்சினைக் கடைசியில் வாங்குங்க

இந்த வாரம் கோடிங்குக்கு லீவு. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் குடிச்சுட்டு மண்ணில் பறக்கிற ஒரு சின்ன வண்டியைப் பற்றிப் பேசப் போறோம். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ ரேசிங் பக்கி. அதுக்கு எந்தப் பார்ட்ஸ் வாங்கணும், எப்படி செட்டப் பண்ணணும் என்பதுதான் இன்றைய எபிசோட்.

காரணம் ஒரு எக்செல் ஷீட். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம், பத்து மாசமா சேர்த்து வச்ச காசு. ஷீட்டில் முதல் வரி எஞ்சின், மொத்த பட்ஜெட்டில் பாதி அதுக்கே. இரண்டாவது வரி எக்ஸாஸ்ட் பைப். கடைசி இரண்டு வரிகள் ரேடியோவும் சர்வோவும். அதுக்கு எதிரே "இருக்கிறதிலேயே கம்மி விலை" என்று எழுதியிருந்தார். கேள்வி ஒன்றே ஒன்று: "ப்ரோ, இதுல எந்த எஞ்சின் பெஸ்ட்?"

என் பதில்: நண்பா, ஷீட் நல்லா இருக்கு. அப்படியே தலைகீழா சார்ட் பண்ணுங்க. ஏன் என்பதை ஒவ்வொரு வரியாகச் சொல்றேன்.

முதலில், இது என்ன வண்டி?

புதுசா கேட்கிறவங்களுக்காகச் சுருக்கமாக. இதில் இருப்பது 3.5 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அதுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறோம். அப்புறம் அதன் பிளாட்டினம் கலந்த கம்பி, எரிதலின் சூட்டிலும் மெத்தனாலோடு நடக்கும் வினையிலும் தானாகவே கனன்று கொண்டிருக்கும். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று டிஃபரன்ஷியல்கள். எடை மூன்றரை கிலோவை ஒட்டி. எஞ்சின் 30,000 ஆர்பிஎம் தாண்டிச் சுற்றும்.

இந்த விளையாட்டின் உலக அமைப்பு இஃப்மார். அதன் உலகச் சாம்பியன்ஷிப்பில் எரிபொருள் டேங்க் 125 சிசிக்கு மேல் இருக்கக் கூடாது, இறுதிப் போட்டி ஒரு மணி நேரம். 2010இல் தாய்லாந்தின் பட்டாயாவில் அமெரிக்காவின் கோடி கிங் ஜெயித்தார். 2016இல் லாஸ் வேகஸில் ஸ்வீடனின் டேவிட் ரோன்னஃபால்க். ஒரு டேங்க் எட்டு, பத்து நிமிஷம்தான் வரும் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தில் திரும்பத் திரும்ப பிட்டுக்கு வந்து நிரப்பிக்கொண்டு போகணும்.

இதை ஏன் சொல்றேன்னா, இந்தப் பந்தயத்தில் ஒரு லேப்பில் அரை செகண்ட் மிச்சம் பிடிப்பவரை விட, ஒரு மணி நேரம் வண்டி நிற்காமல் ஓடுகிறவர்தான் முன்னால் இருப்பார். நடுவில் ஒரு தடவை எஞ்சின் அணைந்தால் போச்சு. ஆள் ஓடிப் போய் வண்டியைத் தூக்கி வந்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணி விடுவதற்குள், கஷ்டப்பட்டுச் சேர்த்த அரை செகண்டுகள் எல்லாம் காலி. அதனால் ஒவ்வொரு பார்ட் வாங்கும்போதும் "இது வேகம் கூட்டுமா" என்று கேட்பதற்கு முன்னால் "இது வண்டியை நிறுத்துமா" என்று கேளுங்க.

அந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. முதல் அர்த்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரேடியோ, சர்வோ, ஃபெயில்சேஃப்

எலெக்ட்ரிக் ஆர்சி காரில் பேட்டரி போனால் வண்டி நின்றுவிடும். நைட்ரோவில் அப்படி இல்லை. ரிசீவர் பேட்டரி செத்தாலும் எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடும். அந்த நேரத்தில் கார்பரேட்டர் முழுசாகத் திறந்திருந்தால், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் முழு வேகத்தில் போகும்.

ஒரு சின்ன கணக்கு. மூன்றரை கிலோ வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் கணுக்காலில் மோதுகிறது. அதே வேகம் வரணும்னா அந்த வண்டியை ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடணும். நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. அங்கிருந்து மூன்றரை கிலோ அலுமினியம் விழும் இடத்தில் நம்ம தெருப் பையன் நிற்கிறான் என்று நினைச்சுப் பாருங்க. அதனால்தான் ஷீட்டின் கடைசி வரி முதல் வரியாக வரணும்.

ரேடியோ: 2.4 கிகாஹெர்ட்ஸ், ஃபெயில்சேஃப் வசதி உள்ளது. சிக்னல் அறுந்தால் த்ராட்டில் சர்வோ தானாக பிரேக் பக்கம் போகணும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், நீங்களே செட் பண்ணி, நீங்களே சோதிக்கணும். எஞ்சின் அணைந்திருக்கும்போது, வண்டியை ஸ்டாண்டில் வைத்து, த்ராட்டிலைப் பாதி அழுத்திக்கொண்டே ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. கார்பரேட்டர் மூடி பிரேக் பிடிக்கணும். இதை ஒவ்வொரு நாளும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செய்யணும். முப்பது செகண்ட் வேலை.

ரிட்டர்ன் ஸ்பிரிங்: பேட்டரியே செத்துவிட்டால் சர்வோ அசையாது, அப்போ ஃபெயில்சேஃபும் உதவாது. கார்பரேட்டரை மூடும் பக்கம் இழுக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டு வையுங்க. ஷீட்டிலேயே விலை குறைந்த பொருள் இதுதான்.

சர்வோ: ஸ்டீயரிங்குக்கு 20 கிலோ-சென்டிமீட்டருக்குக் குறையாத டார்க், உலோகப் பற்கள். மண்ணில், வேகத்தில், பிரேக் பிடித்தபடி முன்சக்கரத்தைத் திருப்ப பலம் வேணும். பலவீனமான சர்வோ இருந்தால் வண்டி ஒரு நேரம் திரும்பும், ஒரு நேரம் திரும்பாது. நீங்க டிஃபையும் ஷாக்கையும் சந்தேகப்பட்டு இரண்டு மாசம் போயிடும். த்ராட்டில் சர்வோதான் பிரேக்கையும் பிடிக்கிறது, அதையும் மட்டமாக வாங்காதீங்க.

ஓடுகிற எஞ்சினை நிறுத்தத் தெரிஞ்சுக்கணும். வண்டியைத் தூக்கி, சக்கரம் எதிலும் படாமல் பிடித்துக்கொண்டு, ஃபியூவல் டியூபை விரலால் நசுக்கலாம். இல்லை, தடித்த துணியால் எக்ஸாஸ்ட் வாயை அடைக்கலாம். பழகியவர்கள் சாசிக்கு அடியில் தெரியும் ஃப்ளைவீலை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அழுத்தி நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்கும் நண்பருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.

சாசி: பக்கத்தில் யார் ஓட்டுகிறார்கள்?

அடுத்தது கிட். ஜப்பானின் கியோஷோ இன்ஃபெர்னோ, மூகன் செய்கி எம்பிஎக்ஸ், ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே எக்ஸ்பி8, அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் ஆர்சி8 என்று பெயர்கள் வரும். முதல் வண்டி வாங்குகிற ஒருவருக்கு இவற்றுக்குள் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாமே வேர்ல்ட் லெவல் டிசைன்.

ஆனால் ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தால் அடுத்தது எப்போ கையில் கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து வரணும், கூரியர், கஸ்டம்ஸ், காத்திருப்பு. அதனால் உங்க ஊரில், இல்லைன்னா ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், யார் எதை ஓட்டுகிறார்களோ அதையே வாங்குங்க. அவங்க பெட்டியில் ஒரு ஸ்பேர் இருக்கும், அவங்க தலையில் அதன் செட்டப்பும் இருக்கும். சாஃப்ட்வேரில் சொல்வோமே, கம்யூனிட்டி பெரிசா இருக்கிற லைப்ரரியை எடு என்று. அதே கதைதான்.

கிட்டோடு சேர்த்தே ஸ்பேர் வாங்கிடுங்க: முன் ஆர்ம் ஒரு ஜோடி, ஸ்டீயரிங் நக்கிள், கிளட்ச் பெல் பேரிங் நாலைந்து ஜோடி. அந்தப் பேரிங் பெரும்பாலான வண்டிகளில் 5க்கு 10க்கு 4 மில்லிமீட்டர். சூடும் புழுதியும் தின்று அடிக்கடி போகும். பழைய வண்டி வாங்கினால், சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்க, டிஃப் அவுட்டிரைவில் பள்ளம் விழுந்திருக்கா பாருங்க, அப்புறம் எஞ்சினைப் பாருங்க.

காற்றும் எரிபொருளும்

எஞ்சினைக் கொல்வது வேகம் இல்லைங்க, புழுதி. ஏர் ஃபில்டர் இரண்டு அடுக்கு ஃபோம், அதுக்கான எண்ணெய் ஊறியதாக இருக்கணும். ஃபில்டர் கார்பரேட்டரில் உட்காரும் கழுத்தை ஜிப் டை போட்டு இறுக்குங்க. நம்ம ஊர் செம்மண் புழுதி மாவு மாதிரி இருக்கும். ஒரு ஓட்டம் ஃபில்டர் இல்லாமல் போனால்கூட பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து கம்ப்ரஷன் போயிடும். நாலைந்து ஃபோம் முன்கூட்டியே எண்ணெய் போட்டு டப்பாவில் வைத்துக்கொண்டால் களத்தில் மாற்றுவது சுலபம்.

எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றின் கலவை. ரேஸிங்குக்கு 25 சதவீத நைட்ரோ பரவலானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெடிபொருள் மூலப்பொருள் சட்டப்படி பொதுமக்களுக்கு 16 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் அங்கே 16இலும் ஓட்டுகிறார்கள். முதல் வருஷத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எது தொடர்ந்து கிடைக்குமோ அது போதும். அடிக்கடி மாற்றாதீங்க, மாற்றினால் எஞ்சின் ட்யூனிங்கை முதலிலிருந்து தொடங்கணும்.

இங்கே கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். நம்ம டேங்கில் ஊற்றுவதும் அதே மெத்தனால்தான். வாயில் பட்டால் கண் போகும், உயிர் போகும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அதனால் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க. சொந்தக் கேனில், பெயர் எழுதி, பூட்டில். நைட்ரைல் கையுறை போடுங்க. கேன் மூடி இறுக்கமாக இருக்கணும், ஏன்னா மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

டயர்

ஒரே வண்டியில், ஒரே ஓட்டுநர் கையில், அதிக மாற்றம் கொடுக்கிற ஒரே பார்ட் டயர். இரண்டு விஷயம் பாருங்க: தரைக்கேற்ற பற்கள், வெயிலுக்கேற்ற ரப்பர். இறுகிய மண் மேல் லேசான தூசி படிந்திருந்தால் சின்னச் சின்ன நெருக்கமான பற்கள். மண் இளகிக் கிடந்தால் உயரமான, இடைவெளி விட்ட பற்கள். மதிய வெயிலில் சூப்பர் சாஃப்ட் போட்டால் பிடிப்பு பிரமாதமாக இருக்கும், ஆனால் சீக்கிரமே மொட்டையாகிவிடும். நம்ம வெயிலுக்கு சாஃப்ட் அல்லது மீடியத்தில் ஆரம்பிக்கலாம்.

டயரை ரிம்மில் ஒட்டுவது சூப்பர் க்ளூ வகைப் பசையால். ஒட்டுவதற்கு முன் ரப்பர் விளிம்பைத் துடைத்து எண்ணெய்ப் பசை எடுத்துடுங்க. உள்ளே போடுகிற ஃபோம் உப்பி, மடியாமல் இருக்கணும். ஒட்டு விட்ட டயரோடு ரேஸ் முடிக்க முடியாது.

இப்போ எஞ்சின்

கடைசியில் வந்துட்டோம். 1936 முதல் ஒசாகாவில் மாடல் எஞ்சின் செய்கிற ஓ.எஸ். மாதிரி நிறுவனங்கள் ஒரே 3.5 சிசியில் தொடக்க நிலை, நடு நிலை, போட்டி நிலை என்று பல எஞ்சின் விற்பார்கள். முதல் எஞ்சினுக்கு மூன்று போர்ட் உள்ள ஸ்லீவ் போதும். கீழ் ஆர்பிஎம்மில் மென்மையாக இழுக்கும், எரிபொருளும் சிக்கனம். போர்ட் கூடக்கூட உச்சியில் சக்தி ஏறும், டேங்கும் சீக்கிரம் காலியாகும், கையில் அடக்குவதும் கஷ்டம்.

கார்பரேட்டர் வாயில் போடுகிற சின்ன வளையத்தை வென்ச்சுரி என்பார்கள். 7 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு இறக்கினால் சக்தி கொஞ்சம் குறையும், வண்டி கைக்கு அடங்கும். புதுசா ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் நல்ல அப்கிரேட்.

கிளட்ச்: மூன்று ஷூ அல்லது நாலு ஷூ. ஸ்பிரிங் 0.9, 1.0, 1.1 மில்லிமீட்டர் என்று வரும். தடித்தது போட்டால் கிளட்ச் லேட்டாக, அதிக ஆர்பிஎம்மில் பிடிக்கும். வண்டி துள்ளிக் கிளம்பும். நடுவிலுள்ள 1.0இல் ஆரம்பிங்க. கியர்: ஸ்பர் 46 பல், கிளட்ச் பெல் 13 பல் என்பது வழக்கமான ஜோடி. 46ஐ 13ஆல் வகுத்தால் 3.54. பெல்லை 14 பல் ஆக்கினால் 3.29, உச்ச வேகம் கூடும், கிளம்புவது மந்தமாகும், கிளட்ச் அதிகம் சூடாகும். நேர் ரோடு சின்னதாக இருக்கும் களத்தில் 13ஐத் தொடாதீங்க.

புது எஞ்சினுக்கு பிரேக்-இன் அவசியம். ஸ்லீவ் மேலே குறுகலாக இருக்கும், பிஸ்டன் உச்சியில் இறுக்கிப் பிடிக்கும். ஹீட் கன்னால் தலையைச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணணும், எரிபொருள் கூடுதலாகப் போகும்படி வைத்து ஆறேழு டேங்க் நிதானமாக ஓட்டணும். ஒவ்வொரு தடவை ஆற விடும்போதும் பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்க.

நீடில்: மிச்சம் பிடிக்காதீங்க

ட்யூனிங் என்றால் எரிபொருளும் காற்றும் எந்த விகிதம் என்பதுதான். ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேணும். மெத்தனாலுக்கு 6.5 போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 மட்டும், ஏன்னா அது ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்து வருகிறது. அதனால்தான் இத்தனை சின்ன எஞ்சின் இவ்வளவு குடிக்கிறது, இவ்வளவு சக்தியும் கொடுக்கிறது.

நீடிலை வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், அதுதான் லீன். இடப்பக்கம் திருகினால் ரிச். லீன் ஆக்கும்போது சத்தம் கூர்மையாகும், வண்டி பறக்கும், எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயையும் குறைக்கிறீங்க. பறக்கிற அந்தச் சத்தம் எஞ்சின் காய்கிற சத்தமும்கூட.

அதனால் கொஞ்சம் ரிச் பக்கமே நில்லுங்க. நேர் ரோட்டில் எக்ஸாஸ்டிலிருந்து மெல்லிய நீலப் புகைக்கோடு தெரியணும். குளோ பிளக் பக்கத்தில் இன்ஃப்ராரெட் கன்னால் அளந்தால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ். முதலில் ஹை ஸ்பீட் நீடில், அப்புறம் லோ ஸ்பீட், கடைசியில் ஐடில். ஒரு தடவைக்கு, கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி அளவுதான் திருகணும். லோ ஸ்பீட் சோதிக்க, ஐடிலில் ஓடும்போது கார்பரேட்டர் பக்கத்தில் டியூபை நசுக்குங்க. மூன்று செகண்ட் போல ஓடி, லேசாக ஏறி, அணைந்தால் சரி. உடனே அணைந்தால் லீன். ரொம்ப நேரம் ஓடி நன்றாக ஏறினால் ரிச்.

சென்னை மே மாசக் காற்று சூடு, ஈரம். ஆக்சிஜன் அடர்த்தி குறைவு, அதனால் நீடில் கொஞ்சம் உள்ளே போகும். அதே வண்டியை டிசம்பர் காலையில் எடுத்தால் காற்று அடர்த்தி, அதே நீடில் இப்போ லீன். போன முறை நன்றாக ஓடியது என்று அப்படியே ஓட்டினால் எஞ்சின் போயிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ரிச்சாகத் திறந்துவிட்டு அங்கிருந்து வாங்க.

ஷாக், டிஃப், ஒரு நோட்டு

சஸ்பென்ஷன் செட்டப்பை கிட் மேனுவலில் உள்ளபடி போடுங்க. அது நல்ல ஓட்டுநர்கள் சோதித்த டிஃபால்ட் வேல்யூ. டிஃப் எண்ணெய் முன், நடு, பின் வரிசையில் 5000, 5000, 3000 சிஎஸ்டி சுற்றி இருக்கும். நடு டிஃபில் மெல்லிய எண்ணெய் என்றால், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பாரம் குறைந்த முன்சக்கரங்கள் வழியாகச் சக்தி கசியும். வண்டி சாதுவாக இருக்கும். கெட்டியாக்கினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், குண்டும் குழியுமான தரையில் முரண்டு பிடிக்கும். ஷாக் எண்ணெய் வெயிலில் இளகும், அதனால் கோடையில் ஒரு படி கெட்டியாகப் போடலாம்.

அதுக்கப்புறம் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஐந்து நிமிஷம் ஓட்டி லேப் நேரம் எழுதுங்க. மாற்றுங்க, மறுபடி ஐந்து நிமிஷம். அப்புறம் பழையதுக்குத் திரும்பி இன்னொரு ஐந்து நிமிஷம், ஏன்னா இடையில் நீங்களே நன்றாக ஓட்டப் பழகியிருப்பீங்க, தரையும் மாறியிருக்கும். நோட்டில் பெஸ்ட் லேப்பை மட்டும் எழுதாதீங்க, மோசமான லேப்பையும் எழுதுங்க. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கினால் அதுதான் நல்ல செட்டப்.

கோயம்புத்தூர் நண்பருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் வாங்க வேண்டிய வரிசை இது: ஃபெயில்சேஃப் உள்ள ரேடியோ, இரண்டு நல்ல சர்வோ, ரிசீவர் பேட்டரி, ரிட்டர்ன் ஸ்பிரிங். அடுத்து ஸ்பேர் கிடைக்கிற சாசி, ஃபில்டர், டெம்பரேச்சர் கன், இரண்டு செட் டயர். மிச்சமிருக்கிற காசில் நடு விலை எஞ்சின், அதுக்குப் பொருந்துகிற பைப். ஓட்டுகிற இடம் தெருவாகவோ ஆள் நடமாட்டம் உள்ள பார்க்காகவோ இருக்கக் கூடாது. அனுமதி வாங்கிய திறந்த மைதானம், சுற்றி நிற்கிறவங்க தடுப்புக்குப் பின்னால். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி பண்ணி, எஞ்சினில் ஆஃப்டர்-ரன் ஆயில் நாலு சொட்டு விட்டு, இரண்டு சுற்று சுற்றி வையுங்க. மிச்ச எரிபொருள் உள்ளே நின்றால் அது இழுக்கிற ஈரத்தில் பேரிங் துருப்பிடிக்கும்.

அடுத்த எபிசோடில் டிஃபைக் கழற்றி எண்ணெய் மாற்றுவது எப்படின்னு ஒவ்வொரு ஸ்டெப்பாகப் பார்க்கலாம். உங்க ஷீட்டையும் அனுப்புங்க, சேர்ந்து சார்ட் பண்ணலாம். அதுவரைக்கும் மூடியை இறுக்கி மூடுங்க, ஃபெயில்சேஃபை சோதிங்க.